கெம்பீரித்தாள்

ஜூன் 11

இந்த டயரி மகள் பெனிட்டா பெங்களூரிலிருந்து அனுப்பியது. "தினமும் ஏதாவது எழுதுங்கப்பா, ஒரு வரியாவது" என்றாள். எழுதினால் மனதுக்கு நல்லது என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பதிவேடு எழுதியவன் நான். எழுதுவதற்கு என்ன?

மோட்டார் வால்வு மாற்றினேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மனைவி ரஞ்சிதத்தின் கல்லறைக்குக் கல் பார்க்கப் பட்டறைக்குப் போய்வந்தேன். கறுப்புக் கிரானைட். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்ட ஆராதனைக்குள் நட்டுவிடலாம் என்று பட்டறைக்கார சண்முகையா சொல்கிறார். எழுத்து மட்டும் நான் கொடுக்க வேண்டும்.

ஜூன் 12

காற்று. மழை இல்லை.

ஜூன் 16

ஆராதனை முடிந்ததும் கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தைச் சற்குணம் சாரிடம் கொடுத்தேன். கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் எழுத்துகூட ஏறாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லில் 'கர்த்தருக்குள் மரித்தார்' என்பதை 'மறித்தார்' என்று வெட்டிவிட்டார்கள். பாவம், அந்த மனிதர் இன்றுவரை கர்த்தரை வழிமறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதற்குப் பிறகு சபைக் கமிட்டி போட்ட விதி இது.

நான் கொடுத்தது மேபல் ரஞ்சிதம் என்ற பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கடைசி வரியில் ஒரே ஒரு சொல்: கெம்பீரித்தாள்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தேவதாசன், இது என்ன சொல்லு?"

"அவ கேட்டது சார்."

"கம்பீரம் தெரியும். 'கம்பீரமாய் வாழ்ந்தாள்'னு போடுங்க, நல்லா இருக்கும். கெம்பீரித்தாள்னு எந்த அகராதியில பார்த்திய?"

"வேதத்துல வருதே சார்."

"வருது. அது அந்தக் காலத்து மொழிபெயர்ப்பு. கல்லுல வெட்டுதது நாளைக்கு வாரவன் படிக்கதுக்கு. படிச்சிட்டு, இந்தம்மா யானை மாதிரி பிளிறுச்சோன்னு நினைப்பான். சான்றோட ஒரு அகராதியில காட்டுங்க. அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடுதேன்."

கம்பீரமாம். ரஞ்சிதத்துக்கு முக்காலி போட்டு ஏறினால்தான் அடுப்படி மேல்தட்டு எட்டும். சிரித்தால் மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும். பெனிட்டா பத்தாம் வகுப்பு பாஸான செய்தி வந்த அன்று இவள் போட்ட சத்தத்தில், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தபால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். கம்பீரம் என்பது ரயில் எஞ்சினுக்கும் மீசைக்காரர்களுக்கும் உரிய விஷயம்.

ஜூன் 17

அவள் எப்போது சொன்னாள் என்பதைக் குறித்து வைக்கிறேன். ஜனவரியில், ஆஸ்பத்திரியில், கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது.

"கல்லுல 'நித்திரையடைந்தாள்'னு போட்டுராதிய. நான் என்னைக்கு ஒழுங்கா தூங்கியிருக்கேன்? 'கெம்பீரித்தாள்'னு போடுங்க. அது போதும்."

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. மார்ச்சில் அவளும்.

ஜூன் 20

வீட்டு அகராதியில் அந்தச் சொல் இல்லை. நூலகத்தில் இரண்டு அகராதிகள் பார்த்தேன். ஒன்றில் இல்லை. இன்னொன்றில் 'கம்பீரம் காண்க'.

இணையத்தில் ஓர் அகராதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் போட்டிருந்தது: 'கெம்பீரம்: கம்பீரம் என்பதன் பிழை வடிவம்.'

திருத்தினேன். 'கெம்பீரித்தல்: மகிழ்ச்சி பொங்க உரக்கச் சத்தமிடுதல், வெற்றி ஆரவாரம் செய்தல்.' தட்டச்சு செய்ய ஒரு காலை முழுவதும் ஆனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் வரியைக் காணோம். பழையபடி பிழை வடிவம்.

ஜூன் 21

நீக்கியவரின் பெயர் 'நெடுங்கணக்கு'. புனைபெயர்தான். அந்த அகராதியின் நிர்வாகிகளில் ஒருவராம். எனக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: "வணக்கம். புதிய பொருளுக்கு மூன்று சான்றுகள் வேண்டும். அச்சில் வந்தவை, வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. ஆண்டும் பக்க எண்ணும் தேவை. நன்றி."

நன்றி என்று முடித்திருப்பது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 22

மறுபடியும் போட்டேன். மறுபடியும் எடுத்துவிட்டார்.

ஜூன் 23

மறுபடியும். இந்த முறை, "இன்னொரு முறை செய்தால் தங்கள் கணக்கு ஒரு வாரத்துக்கு முடக்கப்படும்" என்று எழுதினார். ஃபியூஸ் போன இடத்தில் மறுபடி மறுபடி சுவிட்சைப் போடுபவனைப் பார்த்து எத்தனை முறை சத்தம் போட்டிருப்பேன். பழுதைப் பார்க்க வேண்டும்.

சான்று வேண்டும். அவ்வளவுதானே?

ஜூலை 2

இந்தச் சொல் எங்கள் கிறிஸ்தவக் கோயில் தமிழில் வாழ்கிற சொல். அப்படியானால் கோயிலில் பேசியவர்களிடம்தான் தேட வேண்டும். அந்தக் காலத்துப் பிரசங்கங்களை அச்சுப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு நூலகம் ஒன்று அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. படம் என்பதால் சொல்லைக் கொடுத்துத் தேட முடியாது. பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும்.

சரி. நேரம் இருக்கிறது.

ஜூலை 9

என்ன பிரசங்கங்கள்! ஒருவர் கோயிலில் வெற்றிலை போடுகிறவர்களை ஒரு மணி நேரம் திட்டுகிறார். இன்னொருவர், மழைக்காக ஜெபம் பண்ண வந்தவர்களில் ஒருவர்கூடக் குடை கொண்டுவரவில்லையே என்று கேட்கிறார். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் சத்தம் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் உயிரோடு இருந்தவரை பிரசங்கம் தொடங்கினால் நான் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். இப்போது ஒரு நாளைக்கு நான்கு வாசிக்கிறேன்.

கண்ணில் நீர் வடிகிறது. மங்கலான அச்சு. சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 15

மூன்று சான்றுகள் கிடைத்துவிட்டன! மூன்று பிரசங்கியார்கள், மூன்று புத்தகங்கள். ஆண்டும் பக்கமும் போட்டு ஏற்றினேன்.

ஜூலை 16

மூன்றையும் தள்ளிவிட்டார். "இவை வேத வசனத்தை அப்படியே எடுத்துச் சொல்லும் இடங்கள். சொல் வசனத்தினுடையது, பிரசங்கியாருடையது அல்ல. அவர் தம் சொந்த வாக்கியத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். நன்றி."

மடிக்கணினியை மூடிவிட்டு முருங்கைமரத்தை வெட்டினேன். ஒரு கிளையைத்தான் வெட்ட நினைத்தேன்.

ஜூலை 17

அடுத்த வீட்டு ஹெலன் டீச்சர் வந்து மொட்டை மரத்தைப் பார்த்தார்கள். கோயில் பாடகர் குழுவில் பெண்கள் வரிசைக்கு அவர்கள்தான் தலைமை. ரஞ்சிதம் அவர்கள் பக்கத்தில்தான் நிற்பாள்.

"என்ன அண்ணாச்சி, மரம் என்ன செஞ்சுது?"

நடந்ததைச் சொன்னேன்.

"அந்த நெடுங்கணக்கு சொல்லுதது சரிதானே" என்றார்கள் டீச்சர். "பிள்ளைங்க வாய்ப்பாட்ட ஒப்பிச்சா கணக்குத் தெரியும்னு அர்த்தமா? சொந்தமா ஒரு கணக்குப் போடணும்லா."

மீன்குழம்பை வைத்துவிட்டுப் போனார்கள். நன்றாக இருந்தது. டீச்சர் சொன்னதும் சரிதான்.

ஆகஸ்ட் 1

பெனிட்டா போன் செய்தாள். பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். வேலை இருக்கிறது என்றேன்.

"என்ன வேலைப்பா?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஏதாவது ஒரு பழைய புஸ்தகத்துப் பேரப் போட்டு நீங்களே ஒரு வரி எழுதிருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்கம்மா கல்லுல பொய்யா?"

"சரி, சரி. தேடுங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷம் போல.

ஆகஸ்ட் 13

கிடைத்தது.

1879இல் அச்சான பிரசங்கம். பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகு செய்தது. 31ஆம் பக்கம். அப்படியே எழுதுகிறேன்: "முதல் துளி புழுதியில் விழுந்தபோது, மூன்று வருஷமாய் மழையைக் காணாத நம்முடைய பிள்ளைகள் அது இன்னதென்று அறியாமல் அழுதார்கள், அறிந்த நாமோ தெருவில் நின்று கெம்பீரித்தோம்."

வசனம் இல்லை. சொந்த வாக்கியம். கெம்பீரித்தோம்!

எழுந்து நின்று வாசித்தேன். ஏற்றினேன். பிற்பகலில் நெடுங்கணக்கிடமிருந்து ஒரே ஒரு வரி: "இது செல்லும்." நன்றி இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது: "அருமையான வாக்கியம்."

ஆகஸ்ட் 19

அகராதியில் எங்கள் சொல்லுக்கான உரையாடல் பக்கத்தில் யாரோ பெயர் போடாமல் எழுதியிருக்கிறார்கள்: 'இது அகராதியா, மதப் பிரசாரமா? பாதிரிகள் பேசியதெல்லாம் தமிழா?'

பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நெடுங்கணக்கு எழுதிவிட்டார்: "சான்றுக்கு மதம் கிடையாது. பக்க எண் உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி. 31ஆம் பக்கத்தை நானே பார்த்துவிட்டேன். மழைக்கு மகிழ்ந்து கத்தியவர்கள் தமிழர்கள்தான், தமிழில்தான் கத்தினார்கள்."

நான் எழுத நினைத்தது இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

நெடுங்கணக்கு கேட்டார்: "ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்க, இந்த ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பாடு?"

"கல்லில் வெட்ட வேண்டும். என் மனைவியின் கல்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 21

பதில் இல்லை.

ஆகஸ்ட் 22

பதில் இல்லை. சொல்லியிருக்கக் கூடாது. இரக்கத்துக்காகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 23

"விதி மாறாது. உங்கள் மனைவிக்காக மாற்றினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது, அது அவர்களுக்கும் மரியாதை இல்லை. ஆனால் தேடுவதற்கு இரண்டு பேர் இருக்கலாம். பாதிப் புத்தகங்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். என் பெயர் மதுரவல்லி. கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்."

இத்தனை நாளும் நான் சண்டை போட்டது ஒரு பெண்ணோடு. ரஞ்சிதம் இருந்தால் கை தட்டியிருப்பாள்.

செப்டம்பர் 4

மதுரவல்லி அம்மாளின் இன்றைய செய்திகள்:

"இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். கொடுத்துவிட்டு வந்தேன். 60ஆம் பக்கம் வரை இல்லை."

"எங்கள் பெருமாள் கோயில் உற்சவம். கடை அரை நாள்தான். இருந்தாலும் இரண்டு பிரசங்கம் முடித்தேன். இந்தப் பிரசங்கியார் பாயசம் சாப்பிடுவது பாவம் என்கிறார். இவரோடு எனக்கு ஒத்துப்போகாது."

"88இல் கெம்பீரம் இருக்கிறது! பதற்றத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். வசனம்தான். மன்னிக்கவும்."

செப்டம்பர் 15

கோயிலில் சற்குணம் சார் கேட்டார். "என்ன தேவதாசன், அகராதி என்ன சொல்லுது?"

"ஒண்ணு கிடைச்சிருக்கு சார். மூணு வேணும்."

பஞ்ச காலத்து வாக்கியத்தைச் சொன்னேன். அவர் உதடு அசைய அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். 'கெம்பீரித்தோம்' வந்த இடத்தில் நிறுத்தினார்.

"ம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 26

இரண்டாவது. நான்தான் கண்டுபிடித்தேன். 1894. கடற்கரைச் சபை ஒன்றில் புயலுக்கு அடுத்த ஞாயிறு செய்த பிரசங்கம். 12ஆம் பக்கம்: "போன மரங்கள் யாவும் திரும்பின என்று கண்டவுடனே கரையில் நின்ற ஸ்திரீகள் கெம்பீரித்தார்கள், சமுத்திரத்தின் இரைச்சல் அவர்கள் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று." மரம் என்றால் கட்டுமரம்.

பெண்கள். கரையில் நின்று. கடலைவிடச் சத்தமாக.

இதைத்தான் அவள் சொன்னாள். இந்தச் சொல்லுக்கு வேறு எந்தப் பொருளும் வேண்டாம்.

மதுரவல்லி அம்மாள்: "செல்லும். செல்லும். செல்லும்."

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. மாலையில் போய் வாங்க வேண்டும்.

அக்டோபர் 6

சண்முகையா வந்தார். கல் மெருகேறிக் காத்திருக்கிறது.

"பேரு, தேதி எல்லாம் வெட்டியாச்சு. கடைசி வரிக்கு இடம் விட்டுருக்கேன். இந்த மாசம் இருவதுக்குள்ள தராட்டா கல்லறை ஆராதனைக்கு முடியாது அண்ணாச்சி."

கமிட்டியும் இருபதாம் தேதிதான் கூடுகிறது. குருவானவர் அன்பாகச் சொன்னார்: "கிடைக்கலேன்னா 'கம்பீரமாய்'னு போட்டுருவோம் ஐயா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்வாள். இவருக்கு அவளைத் தெரியாது.

அக்டோபர் 14

மீதி இருந்த புத்தகங்கள் முடிந்தன. என் பாதியிலும் இல்லை, மதுரவல்லி அம்மாளின் பாதியிலும் இல்லை. ஒரு பிரசங்கம் கிடைத்தது. மிக நல்ல வாக்கியம். ஆனால் முதல் பக்கம் கிழிந்து ஆண்டும் பெயரும் இல்லை. மதுரவல்லி அம்மாளுக்கு அனுப்பினேன், 'இது செல்லாது என்று தெரியும்' என்ற குறிப்போடு.

"செல்லாது என்று நீங்களே எழுதியதற்கு நன்றி. நான் எழுத வேண்டி வந்திருந்தால் இன்று கடையைச் சாத்தியிருப்பேன்" என்று பதில் வந்தது.

சமைக்கவில்லை.

அக்டோபர் 17

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் குளித்துவிட்டு வரும்போது வாசலில் சற்குணம் சார். சட்டையெல்லாம் ஒட்டடை. முழங்கையில் சிராய்ப்பு. கக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"என்ன சார், விழுந்துட்டீங்களா?"

"பரண்ல ஏறினேன். அதை விடுங்க. உள்ள வாரேன்."

உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். மெலிந்த சின்னப் புத்தகம். அட்டை இல்லை. முதல் பக்கம் இருந்தது.

"எங்க தாத்தா உபதேசியாரா இருந்தார், சாத்தான்குளம் பக்கம். ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டி முடிச்சப்ப ஒரு பிரசங்கம் பண்ணுனார். சபையார் காசு போட்டு அச்சடிச்சாங்க. 1911. சின்ன வயசுல எங்கப்பா இத எனக்கு வாசிச்சுக் காட்டிருக்காங்க. அன்னைக்கு நீங்க அந்த மழை வாக்கியத்தச் சொன்னதுல இருந்து எனக்கு ஒரு குடைச்சல். இந்தச் சொல்ல நான் எங்கயோ கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன்னு. நேத்து ராத்திரி தூக்கம் இல்ல. விடிஞ்சதும் ஏறிட்டேன்."

ஒன்பதாம் பக்கத்தை விரித்து, வகுப்பில் வாசிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்:

"ஊற்றுக்கண் திறந்த மாத்திரத்தில் பாதாளத்தில் நின்ற எட்டுப் பேரும் கெம்பீரிக்க, மேலே நின்றவர்களோ கிணறு இடிந்ததென்று எண்ணிக் கதறினார்கள், பின்பு தண்ணீரைக் கண்டு அவர்களும் கெம்பீரித்தார்கள்."

இரண்டு முறை! ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை!

"சார்..." என்றேன். புத்தகத்தை வாங்கி நானும் ஒரு முறை வாசித்தேன்.

"இந்தத் தமிழ் என் வீட்டுப் பரண்ல இருந்திருக்கு" என்றார். "அகராதியில காட்டுங்கன்னு உங்கள நான் நிறுத்துனேன். எங்க தாத்தா என்னைய நிறுத்திட்டார். ஏத்துங்க. எப்படி ஏத்துததுன்னு நானும் பாக்கணும்."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட, "அங்க காற்புள்ளி இருக்கு, விட்டுட்டிய" என்று திருத்தினார். புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் படம் எடுத்து ஏற்றினோம். பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பால் பொங்குவதற்குக் காத்திருப்பது போல.

மதுரவல்லி அம்மாள் கடையில் கூட்டமாம். பதினொன்றரைக்குத்தான் பதில் வந்தது. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையும் சத்தமாக வாசித்தார்:

"மூன்று சான்றுகளும் சரிபார்க்கப்பட்டன. கெம்பீரித்தல் தனிச்சொல்லாக ஏற்கப்படுகிறது. 'பிழை வடிவம்' என்ற குறிப்பு நீக்கப்படுகிறது. சொல் நிற்கிறது."

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கொண்டாங்க அந்த வாசகத்த."

ஜூனில் எழுதிய தாளைக் கொடுத்தேன். முழுப்பெயரையும் போட்டு, முனைவர் பட்டத்தையும் போட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு, "எனக்குப் பசிக்கி. உங்க வீட்டுல என்ன இருக்கு?" என்றார்.

ஒன்றும் இல்லை. ஹெலன் டீச்சர் வீட்டில் போய் நின்றோம். செய்தியைச் சொன்னதும் டீச்சர் கரண்டியோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் போட்ட சத்தத்தை இந்த டயரியில் எழுத முடியாது. ஆனால் அதற்கான சொல் இன்று காலை முதல் அகராதியில் இருக்கிறது.

அக்டோபர் 20

கமிட்டி. சற்குணம் சார் எழுந்து மூன்று சான்றுகளையும் வாசித்தார். ஒருவர், "அகராதிய யார் வேணும்னாலும் திருத்தலாமாமே சார், அத எப்படி நம்புதது?" என்று கேட்டார்.

"யார் வேணும்னாலும் எழுதலாம். நிக்கணும்னா சான்று வேணும். நம்ம கமிட்டியவிட அங்க கெடுபிடி ஜாஸ்தி" என்றார் சார்.

சிரிப்பு. நிறைவேறியது. நேரே பட்டறைக்குப் போனேன்.

அக்டோபர் 22

எழுத்து வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சண்முகையா முதலில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துகொண்டார்.

"க-வா, கெ-வா? நல்லா பாத்துச் சொல்லுங்க. வெட்டுன பொறவு அழிக்க முடியாது."

"கெ. கொம்பு போடுங்க."

கொம்பைத்தான் முதலில் வெட்டினார். தூள் பறந்தது.

அக்டோபர் 25

சொல்லுக்குக் கூட்டம் சேருகிறது. மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நான்காவது சான்று சேர்த்திருக்கிறார்: நெல் அறுவடை ஆராதனைப் பிரசங்கம், 1903. நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண், தன் அப்பா இந்தச் சொல்லை இன்றும் வீட்டில் சொல்வார் என்று எழுதியிருக்கிறார். அச்சில் வந்ததா என்று மதுரவல்லி அம்மாள் கேட்டிருக்கிறார். நன்றி என்றும் போட்டிருக்கிறார். இப்போது அந்த நன்றி எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. வாசித்த பிரசங்கங்களிலிருந்து வேறு சொற்களையும் ஏற்றத் தொடங்கிவிட்டேன். ஆளுக்குப் பாதி என்று மறுபடியும் பிரித்துக்கொண்டோம். பாயசக்காரரை மட்டும் அந்த அம்மாள் எனக்குத் தள்ளிவிட்டார்.

அக்டோபர் 31

பெனிட்டா வந்துவிட்டாள். வந்ததும் அலமாரியைத் திறந்து அம்மாவின் புடவைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். மார்ச்சுக்குப் பிறகு நான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை என்று இங்கே எழுதவில்லை போல. இப்போது எழுதிவிட்டேன்.

மஞ்சள் புடவையை அவள் நாளை மறுநாள் கட்டிக்கொள்கிறாளாம்.

நவம்பர் 2

காலையில் கல்லறைத் தோட்டம். ஊரே அங்கேதான். பூவும் மெழுகுவர்த்தியுமாய். கல் நிற்கிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து. சண்முகையா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தார்.

குருவானவர் ஜெபித்தார். பிறகு சற்குணம் சார் முன்னால் வந்து, கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மேபல் ரஞ்சிதம்." பிறந்த நாள், இறந்த நாள். கொஞ்சம் நிறுத்தினார். "கெம்பீரித்தாள்."

சொல்லி முடித்ததும் யாரோ ஒரு பெண், "ஆமா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். பெனிட்டாதான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. கல்லறைத் தோட்டத்தில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சிரித்து நான் கேட்டதில்லை.

ஹெலன் டீச்சர் பாட்டைத் தொடங்கினார்கள். பாடகர் குழுப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றக் கல்லறைகளில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்து, வந்து சேர்ந்துகொண்டு பாடினார்கள். ரோட்டில் ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார். மூன்றாவது சரணத்தில் டீச்சர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள்.

நானும் பாடினேன்.

நவம்பர் 3

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பெனிட்டா சுக்குக் கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்தாள். ஹெலன் டீச்சருக்கும் குரல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நானும் கையால் பேசிக்கொண்டோம்.

கல்லின் படத்தை மதுரவல்லி அம்மாளுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். இருந்தாலும் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை வாசித்தேன்."